அருவருப்பு அறமாகுமா?

ஐம்பொறிகளால் உயிர்கள் அடையும் கேட்டினை விளக்க நம் ஆசாரியர்கள் ஐந்து எடுத்துக்காட்டுகளைக் கூறி வந்துள்ளனர். ஊறின்பத்தால் யானையும், சுவையால் மீனும், ஒளியால் விட்டிலும், இசையால் மானும், மணத்தால் வண்டும் அழிகின்றன என்பர். தாமரையின் மணத்தில் மயங்கிய வண்டு, மாலையில் இதழ்கள் குவிவதை அறியாமல் உள்ளே அகப்பட்டு மடிகிறது. ஜினாலயச் சொற்பொழிவுகளில் இதனைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மூக்கின் வழியாக வரும் கேடு என்றாலே நறுமணத்தின்மேல் வைக்கும் ஆசைதான் நினைவிற்கு வருகிறது.

ஆயினும் அந்தப் பொறிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நறுமணத்தை நாடிச் சென்று கெட்டவர்கள் நம் குடும்பங்களில் மிகச் சிலரே இருப்பர். தீய வாடையைக் கண்டு முகஞ்சுளித்து விலகியவர்களோ நாம் அனைவருமே. அவ்வாறு விலகும்போது வாடையை மட்டும் விட்டு விலகினோமா, அல்லது அந்த வாடையோடு இருந்த மனிதரையும் விட்டு விலகினோமா? புலால் உண்ணாமை, இரவுண்ணாமை முதலிய நோன்புகளால் பெயர் பெற்ற நமக்கு இக்கேள்வி மிகவும் நெருக்கமானது. நம் ஒழுக்கத்தில் எவ்வளவு பகுதி அருளினால் ஆனது, எவ்வளவு பகுதி வெறும் அருவருப்பினால் ஆனது என்று நாம் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

சொல்லே சாய்ந்த வரலாறு

'நாற்றம்' என்னும் தமிழ்ச்சொல் பழங்காலத்தில் மணம் என்ற பொதுப்பொருளையே தந்தது. மலரின் மணமும் நாற்றமே. திருக்குறளில் ஐம்புலன்களை எண்ணும் இடத்திலும் அச்சொல் பொதுப்பொருளிலேயே நிற்கிறது. இன்றோ ஒரு வீட்டினுள் நுழைந்து 'நாற்றம்' என்று ஒருவர் சொன்னால், வீட்டார் உடனே சன்னலைத் திறக்கின்றனர். நடுவுநிலையில் இருந்த ஒரு சொல் காலப்போக்கில் வெறுப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. சொல் மட்டும் தானாகச் சாய்வதில்லை. அதனை ஆளும் மனமும் அதனோடு சாய்ந்திருக்கிறது. இக்கட்டுரையில் இரு வகைக்கும் பொதுவாகக் 'கந்தம்' என்ற ஆகமச் சொல்லையே ஆள்வோம்.

ஆகமம் காட்டும் படிகள்

ஊறு, சுவை, கந்தம், நிறம் ஆகிய நான்கும் உடையது புத்கலம் என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறுகிறது. உரையாசிரியர்கள் ஊறு 8, சுவை 5, கந்தம் 2, நிறம் 5 என்று விரித்துரைப்பர். கந்தம் இரண்டாவன சுகந்தமும் துர்க்கந்தமும் ஆம். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கந்தம் புத்கலத்தின் குணம், உயிரின் குணமன்று. அறிவும் காட்சியும் உயிரின் இயல்பு. உயிருக்கு நறுமணமும் இல்லை, தீ நாற்றமும் இல்லை. 'அவர்மேல் நாற்றம் அடிக்கிறது' என்று நாம் சொல்லும்போது, அவர் எடுத்துள்ள உடலைப் பற்றியோ, அவ்வுடல்மேல் ஒட்டியுள்ள பொருளைப் பற்றியோ சொல்கிறோமேயன்றி, அவரைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்து, பொறிகளின் வழியே பிறக்கும் மதிஞானம் அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என்னும் நான்கு படிகளில் நிகழ்கிறது என்பர். முதலில் ஏதோ ஒன்று பொறியில் படுகிறது. பின்னர் 'இஃது என்ன?' என்னும் ஆராய்ச்சி எழுகிறது. அதன்பின் 'இஃது இன்னது' என்னும் துணிவு பிறக்கிறது. இறுதியில் அது நினைவில் தங்குகிறது. கண்ணும் மனமும் தம் பொருளைத் தொடாமலே அறிகின்றன; மூக்கு, நாக்கு, மெய், செவி ஆகிய நான்கும் பொருள் வந்து பட்டாலன்றி அறிவதில்லை என்ற நுட்பத்தையும் நம் நூல்கள் குறித்துள்ளன. கந்தத்தை அறிவதென்றால், அப்பொருளின் நுண்கூறு நம்முள் புகுந்துவிட்டது என்பதே பொருள். அருவருப்பு நம்மை இவ்வளவு வலிமையாகத் தாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ட காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பிக் கொள்ளலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

இந்த நான்கு படிகளும் அறிவின் படிகள். இவற்றில் வினைக்கட்டு இல்லை. கட்டு எங்கே தொடங்குகிறது என்றால், அறிந்த பொருளின்மேல் விருப்பும் வெறுப்பும் எழும் இடத்தில்தான். அதனை நம் ஆசாரியர்கள் மோகனீய வினையின் செயல் என்றனர். அவ்வினையின் வகைகளுள் சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம் ஆகியவற்றோடு அருவருப்பையும் ஒன்றாக எண்ணி, 9 நோகஷாயங்களுள் வைத்தனர். 'ஜுகுப்சை' என்பது அதன் பெயர். அருவருப்பைத் தூய்மையின் அடையாளமாகவும், நற்குடிப் பிறப்பின் அடையாளமாகவும் எண்ணிப் பெருமை கொள்வோர் உளர். நம் சமயமோ அதனை உயிரை மயக்கும் குற்றங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் தவம் இயற்றியதாக நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர் சமயசாரத்தில் இதனை மேலும் தெளிவாக்குகிறார். நல்ல கந்தமோ தீய கந்தமோ உயிரிடம் வந்து தன்னை முகருமாறு வேண்டுவதில்லை. உயிரும் தன் நிலையை விட்டு வெளியே சென்று அதனைப் பற்றுவதில்லை. இரண்டும் தத்தம் இயல்பில் நிற்க, அறியாமை உடையவன் மட்டும் அமைதி இழக்கிறான் என்பது அவர் கருத்து. கந்தம் கந்தமாகவே இருக்கிறது. கலக்கம் நம்முடையது.

அறிவியல் கூறுவது

இக்கால அறிவியல் இப்பொருளில் கண்டவற்றையும் நாம் அறிந்துகொள்வது நன்று. ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1991இல் மூக்கில் உள்ள மண ஏற்பிகளின் பெருங்குடும்பத்தைக் கண்டறிந்தனர். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரின் மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் செயற்படுகின்றன. காற்றில் மிதந்துவரும் மூலக்கூறுகள் மூக்கின் மேற்கூரையில் உள்ள மென்சவ்வில் படிந்து இவ்வேற்பிகளைத் தூண்டுகின்றன. பொருள் வந்து பட்டாலன்றி மூக்கு அறியாது என்ற ஆகமக் கூற்றுக்கு இது முற்றும் ஒத்திருக்கிறது.

அங்கிருந்து செய்தி செல்லும் வழியும் கருதத்தக்கது. காட்சி, ஓசை முதலியன மூளையில் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மேற்செல்கின்றன. கந்தச் செய்தியோ அதனைக் கடவாமலே, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் இடமான பகுதிகளை நேரே எட்டுகிறது. அதனால்தான் 'இஃது என்ன வாடை?' என்று பெயர் சொல்லுமுன்பே உடல் தன் பதிலைச் சொல்லிவிடுகிறது. நறுமணம் வந்தால் மூச்சு ஆழ்ந்து இழுக்கப்படுகிறது, உணவின் மணமாயின் வாயில் நீர் ஊறுகிறது, மனம் இளகுகிறது. தீய வாடை வந்தால் மூக்குச் சுருங்குகிறது, மேலுதடு உயர்கிறது, வயிறு புரள்கிறது. மூச்சு தானாகக் குறுகுவது ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரத்தில் நிகழ்ந்துவிடுகிறது. இவ்வளவு விரைவில் நடப்பதை எவராலும் ஆணையிட்டு நிறுத்த இயலாது. ஆகவே குமட்டல் வந்தது பற்றி எவரும் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை. அது உடலின் செயல்.

ஆனால் உடல் தரும் அத்தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது? 'இன்டோல்' என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. மல்லிகையின் மணத்தில் அது கலந்திருக்கிறது. மனித மலத்தின் வாடையிலும் அதுவே இருக்கிறது. அளவும், உடன் சேர்ந்த பிற பொருள்களும் மாறுவதால் ஓரிடத்தில் தலையில் சூடத்தக்கதாகவும் மற்றோரிடத்தில் மூக்கைப் பொத்தத்தக்கதாகவும் தோன்றுகிறது. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாலாடைக்கட்டியின் வாடையை ஒத்த ஒரே கந்தத்தை ஒருமுறை 'பாலாடைக்கட்டி' என்றும், மறுமுறை 'உடல் வாடை' என்றும் பெயரிட்டு முகரச் செய்தனர். முதற்பெயரைக் கண்டபோது இனியதென்றும், இரண்டாம் பெயரைக் கண்டபோது இன்னாததென்றும் அவர்கள் கூறினர். மூக்கில் பட்டது ஒன்றே. மாறியது பெயர் மட்டுமே. 2020 முதல் பரவிய கொரோனா நோயில் முகரும் ஆற்றலை இழந்தவர் பலர். அவர்களுள் சிலருக்கு அவ்வாற்றல் திரும்பியபோது, முன்பு விரும்பிய காப்பியே அழுகிய பொருள்போல் நாறிற்று. காப்பி மாறவில்லை, அளக்கும் கருவி மாறிற்று.

இன்னும் ஒன்று. ஏறத்தாழ இரண்டு மூன்று வயது வரை குழந்தைகள் மலத்தைக் கண்டு அருவருப்பதில்லை. அருவருப்பில் பெரும்பகுதி பெரியோர் முகத்தைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்வதே. அதே மலம் துவைந்த குழந்தைத் துணிகளைத் தாய்மார்களிடம் கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. தம் குழந்தையின் துணி பிறர் குழந்தையின் துணியைவிடக் குறைவாகவே அருவருப்பூட்டுவதாகத் தாய்மார்கள் கூறினர். எது யாருடையது என்று அறிவிக்காதபோதும், மாற்றி அறிவித்தபோதும் அப்படியே கூறினர். கற்றதைப் பழக்கமும் பாசமும் குறைக்க வல்லவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அகழி நீரும் அரசனும்

சுவேதாம்பர மரபினர் போற்றும் ஞாதாதர்மகதை என்னும் அங்க நூலில் இதற்கு இசைந்த கதை ஒன்று உள்ளது. சம்பா நகரத்து அரசன் சிதசத்துரு ஒருநாள் நல்லுணவு உண்டு அதனை வியந்து புகழ்ந்தான். உடனிருந்தோர் அனைவரும் ஆமாம் என்றனர். அமைச்சன் சுபுத்தி மட்டும், நல்ல புத்கலங்கள் தீயனவாகவும் தீயன நல்லனவாகவும் மாறுதல் இயல்பு என்று கூறி வாளாவிருந்தான். பிறிதொரு நாள் பிணங்கள் மிதந்து நாறிய அகழியைக் கடந்தபோது அரசன் மூக்கை மூடிக்கொண்டு பழித்தான். அப்போதும் அமைச்சன் அதனையே கூறினான். அரசன் சினந்தான்.

அமைச்சன் மறுமொழி பேசவில்லை. அந்த அகழியின் நீரையே எடுத்துவந்து, புதிய குடங்களில் மாற்றி மாற்றி ஊற்றித் தெளியவைத்து, பல வாரங்கள் தூய்மை செய்து, மணப்பொருள் சேர்த்து, அரசனுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தான். 'இத்துணை இனிய நீர் எங்கிருந்து வந்தது?' என்று அரசன் கேட்டான். உண்மையை அறிந்தபின் சிராவக நோன்பை ஏற்றான் என்று கதை முடிகிறது. நல்லது, தீயது என்று நாம் பெயரிடுபவை புத்கலத்தின் நிலையற்ற பர்யாயங்களே என்பது இதன் உட்பொருள். நண்பகலில் நாம் உண்ட நெய்ச்சோறு மறுநாள் என்ன ஆகிறது என்று எண்ணினால், அகழிக்குச் செல்லவும் வேண்டியதில்லை.

எறும்பு தரும் பாடம்

மூன்றறிவு உயிர்களுக்கு எறும்பையும் கறையானையும் காட்டுவது தொல்காப்பியம். மூக்குணர்வு அவற்றிடமே தொடங்குகிறது. எறும்புக்கூட்டில் ஓர் எறும்பு இறந்தால், மற்றவை அதனைத் தூக்கிக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போடும். இறந்த உடலில் உண்டாகும் 'ஒலியிக் அமிலம்' என்னும் கொழுப்பமிலத்தின் வாடையே அதற்கு அடையாளம் என்று எட்வர்டு வில்சன் என்னும் அறிஞரும் உடன் ஆய்ந்தோரும் 1958இல் வெளியிட்டனர். அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பின்மேல் தடவியபோது என்ன நிகழ்ந்தது? அது கால்களை உதைத்துக்கொண்டிருந்தபோதே மற்ற எறும்புகள் அதனைத் தூக்கிச் சென்று குப்பைமேட்டில் போட்டன. அது திரும்பி வந்தால் மீண்டும் தூக்கிச் சென்றன. தன்னைத் துடைத்துத் தூய்மை செய்துகொள்ளும் வரை அதற்குக் கூட்டில் இடமில்லை.

எறும்புக்கு மனம் இல்லை. அதற்கு வாடையே தீர்ப்பு. மனம் உடைய ஐயறிவு உயிராகிய மனிதன் அதே செயலைச் செய்தால் அதனை என்னென்பது?

படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் உள்ள வீடுகளை நினைத்துப் பார்ப்போம். நடமாடித் திரிந்தவரை தாத்தா கூடத்தின் நடுவே அமர்ந்திருந்தார். சிறுநீர் அடங்காத நிலை வந்தபின் கட்டில் பின்கட்டுக்குப் போயிற்று. உணவு நேரம் தவறாமல் செல்கிறது, மருந்து செல்கிறது, பணிப்பெண்ணும் அமர்த்தப்பட்டிருக்கிறாள். ஆனால் அருகே அமர்ந்து ஐந்து நிமிடம் பேசுவோர் இல்லை. பேரன் வாசற்படியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு ஓடுகிறான். அவன் அன்னையின் முகத்தைப் பார்த்தே அதைக் கற்றிருக்கிறான். எவரும் அப்பெரியவரை வெறுக்கவில்லை. ஆயினும் உயிருள்ள எறும்பு ஒன்று மேட்டில் கிடக்கிறது.

நற்காட்சியின் மூன்றாம் உறுப்பு

நற்காட்சிக்கு 8 உறுப்புகள். அவற்றுள் மூன்றாவது நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உடல் இயல்பாகவே தூயதன்று என்றும், மும்மணிகளால் அது தூய்மை பெறுகிறது என்றும், அவ்வுடலை வெறாமல் அதனுள் உள்ள குணத்தின்மேல் அன்பு வைப்பதே இவ்வுறுப்பு என்றும் விளக்குகிறார். இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு உத்தாயன மன்னன்.

அவன் வரலாறு நம் இல்லங்களில் சொல்லப்படுவதுதான். அவனைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன், நோயால் அழுகி நாறும் உடலோடு முனிவர் வடிவில் வந்தான். மன்னன் எதிர்கொண்டு உணவளித்தான். உண்ட முனிவர் அவ்வளவையும் உமிழ்ந்தார். வாடை தாங்காமல் சுற்றியிருந்தோர் அகன்றனர். மன்னனும் அரசி பிரபாவதியும் அகலவில்லை. அரசியின்மேலும் உமிழ்ந்தபோது, மன்னன் 'உடலுக்கு ஒவ்வாத உணவைக் கொடுத்துவிட்டேனே' என்று தன்னையே நொந்துகொண்டு நீர்கொண்டு கழுவினான். மன்னனுக்கு அவ்வாடை தெரியவில்லை என்று கதை சொல்லவில்லை. அவன் மூக்கும் நம் மூக்குப் போன்றதே. வாடையை அறிந்தபின் அவனுள் எழுந்த கேள்வி வேறு. 'இஃது எனக்கு எவ்வளவு இன்னாதது?' என்று அவன் கேட்கவில்லை. 'இவருக்கு என்ன துன்பம்?' என்று கேட்டான். அருவருப்பின்மை என்பது இதுவே.

இவ்வுறுப்பு முனிவர்களைப் பற்றியது மட்டுமே என்று கருதுவோர்க்கு அமிர்தசந்திராசாரியரின் புருஷார்த்த சித்தியுபாயம் விடை கூறும். பசி, வேட்கை, குளிர், வெப்பம் முதலிய நிலைகளிலும், மலம் முதலிய பொருள்களிலும்கூட அருவருப்புக் கொள்ளலாகாது என்று அவர் பொதுவாகவே விதித்துள்ளார். திகம்பர முனிவர்களின் 28 மூலகுணங்களுள் நீராடாமையும் ஒன்று. அவர்கள் நம் ஊருக்கு எழுந்தருளும்போது நாம் அடிபணிகிறோம். வியர்வையும் புழுதியும் படிந்த அத்திருமேனியை நம் மூக்கு ஒருபோதும் குறைகூறுவதில்லை. அப்படியாயின் நாள் முழுதும் நம் நிலத்தில் உழைத்த ஒருவர் திண்ணையில் வந்து அமரும்போது மட்டும் மூக்கு ஏன் விழித்துக்கொள்கிறது? மதிப்பு உள்ள இடத்தில் வாடை மறைகிறதென்றால், வாடை தெரிகிற இடத்தில் குறைந்திருப்பது நம் மதிப்பு.

மூக்கு சாட்சி சொல்லாத இடங்கள்

அருவருப்பினால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கெட்டுப்போன உணவை விலக்கவும், சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைக்கவும் அது உதவுகிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை; கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அதில் 'மெர்காப்டன்' என்னும் நாறும் பொருளைக் கலக்கின்றனர். அருவருப்பின்மை என்பது அழுக்கோடு வாழ்வதன்று. தூய்மை செய்தல் வேறு, முகஞ்சுளித்தல் வேறு. உண்மையில் முகஞ்சுளிப்பவர் தூய்மை செய்வதில்லை. அவர் விலகிச் செல்கிறார். தூய்மை செய்யும் வேலை வேறொருவர் தலையில் விழுகிறது.

அந்த வேறொருவரைப் பற்றியும் எண்ண வேண்டும். கழிவுத் தொட்டிகளில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ அது முகரும் நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நம்பி இறங்கியவர் மூச்சடைத்து வீழ்கிறார். இடர் மிகப் பெரிதாகும் அக்கணத்தில்தான் மூக்கு மௌனமாகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவதைத் தடைசெய்கிறது. அதற்குப் பின்னும் இறப்புகள் நிகழ்கின்றன. நீரை வடிகட்டிக் குடித்து, எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் நாம், நம் வீட்டுத் தொட்டியைத் தூய்மை செய்ய யார் வந்தார், எவ்வாறு செய்தார் என்று நின்று பார்க்கிறோமா? அன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம், வாடை வருகிறதே! இயந்திரம் கொண்டுதான் செய்ய வேண்டும், மனிதர் எவரும் இறங்கலாகாது என்று வலியுறுத்துவது நம் அணுவிரதத்தைச் சேர்ந்த கடமை. கதவைச் சாத்தியவரால் அதனைச் செய்ய இயலாது.

இனிய கந்தத்தின் பக்கமும் இப்படியே. கஸ்தூரி என்றாலே நறுமணம். அதற்காக ஆண் கஸ்தூரி மான்கள் கொல்லப்பட்டு வந்தன. புனுகுக்காகப் புனுகுப்பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரப்பை வழித்தெடுத்தனர். இன்று கஸ்தூரி என்று விற்கப்படும் மணங்களில் பெரும்பாலானவை செயற்கைப் பொருள்கள் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் அந்நறுமணத்தை முகர்ந்த எவர் மூக்கும் மானின் துடிப்பை அறிவித்ததில்லை. கொலையில் பிறந்த பொருள் மணக்கிறது. ஒரு குற்றமும் அறியாத நோயாளியின் உடல் நாறுகிறது. மூக்கை நீதிபதியாக அமர்த்தினால், தீர்ப்பு எத்துணை தலைகீழாகும்!

கடினமான கேள்வி

இனி நம்மில் பலர் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு அண்டை வீட்டில் புலால் சமைக்கும் வாடை நாள்தோறும் வருகிறது. சிலருக்குக் குமட்டுகிறது. அதனால் அவ்வீட்டாரோடு பழகுவதைக் குறைக்கிறோம். வீடு வாடகைக்கு விடும்போது அத்தகையோர் வேண்டா என்கிறோம். நம் குழந்தை பள்ளியில் அருகில் அமரும் தோழனின் உணவுப் பாத்திரத்தைக் கண்டு மூக்கைப் பிடித்தால், 'நம் பிள்ளை!' என்று உள்ளூர மகிழவும் செய்கிறோம்.

இது கொல்லாமையா? நாம் நேர்மையாகச் சிந்திப்போம். கொல்லாமை என்பது கொல்லப்பட்ட உயிரின் துன்பத்தை எண்ணி வருந்துவது. குமட்டலோ நம் துன்பத்தை எண்ணுவது. முன்னதில் நடுவே இருப்பது அந்த ஆடு. பின்னதில் நடுவே இருப்பது நம் மூக்கு. இரண்டும் ஒரே இலையின்முன் ஒரே நேரத்தில் எழுவதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்குகிறோம்.

வேறுபாட்டை அறிய எளிய வழி ஒன்றுண்டு. வாடை இல்லாத இடத்தில் நம் நோன்பு எவ்வாறு நிற்கிறது என்று பார்த்தால் போதும். மருந்துறைகள் பலவற்றிற்கு விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் பயன்படுகிறது. அதற்கு வாடை இல்லை. கேக்கில் கலந்த முட்டை வெனிலாவின் மணத்தில் மறைந்துவிடுகிறது. பட்டு நெய்தற்குப் புழுக்கள் கொதிநீரில் மாய்கின்றன. பட்டோ சந்தனப்பெட்டியில் மணக்கிறது. இவ்விடங்களிலும் தேடிக் கேட்டுத் தவிர்ப்பவரின் நோன்பு அருளின்மேல் நிற்கிறது. புலால் வாடையில் மட்டும் சீறி, இவற்றைக் கேளாமலே ஏற்பவரின் நோன்பு மூக்கின்மேல் நிற்கிறது. மூக்கின்மேல் நிற்கும் நோன்பு உறுதியானதன்று. வெளிநாட்டில் படிக்கச் செல்லும் பிள்ளைக்கு அவ்வாடை சில திங்களில் பழகிவிடும். பழகியபின் அவனைத் தடுக்க என்ன இருக்கிறது? 'நாறும், தொடாதே' என்று மட்டும் சொல்லி வளர்த்தோமாயின், நாறாத நாளில் அவனிடம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இராது. 'அதுவும் நம்மைப்போல் வாழ விரும்பிய உயிர்' என்று சொல்லி வளர்த்திருந்தால், அச்சொல் வாடை மறைந்தபின்னும் அவனோடு இருக்கும்.

அண்டை வீட்டார் செய்வதை நாம் ஒப்பவேண்டியதில்லை. புலால் உண்ணாமையின் பெருமையை அவர்க்கு எடுத்துரைக்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் முகச்சுளிப்பைக் கண்ட ஒருவரும் அருளறத்தைக் கற்றதில்லை. தாம் இழிவாக எண்ணப்படுகிறோம் என்பதை மட்டுமே அவர் கற்கிறார். ஆட்டின்மேல் கொண்ட இரக்கம் அண்டை வீட்டார்மேல் இகழ்ச்சியாக முடியுமாயின், அஃது ஓர் உயிரை விட்டு மற்றோர் உயிரைப் புண்படுத்தியதாகவே ஆகும்.

செய்யத்தக்கது

அபரிக்கிரக விரதத்திற்கு உரிய 5 பாவனைகளாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுவது, ஐம்புலன்களுக்கும் இனியவற்றில் விருப்பையும் இன்னாதவற்றில் வெறுப்பையும் விடுதலே. வெறுப்பை விடுவதையும் பற்று விடுவதோடு சேர்த்து வைத்த நுட்பம் எண்ணத்தக்கது. அருவருப்பவனும் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் இருக்கிறான். தன் தூய்மை என்னும் எண்ணத்தை.

முனிவர்க்கு இது மாவிரதம். இல்லறத்தாராகிய நாம் சிறிதளவே செய்ய இயலும். அச்சிறிதளவும் பயன் தரும் என்பதற்கு உடலின் இயல்பே துணை நிற்கிறது. எந்த வாடையும் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் மங்கிவிடும் என்பது யாவரும் அறிந்தது. பெரியவரின் அறைக்குள் நுழைந்தவுடன் எழும் குமட்டல் உடலின் பங்கு. வாசலிலேயே திரும்பாமல் கட்டிலின் ஓரத்தில் அமர்வது நம் பங்கு. அமர்ந்த சிறிது நேரத்தில் உடல் தன் எதிர்ப்பைத் தானே கைவிடுகிறது. திரும்பிச் செல்பவருக்கோ ஒவ்வொரு முறையும் வாடை புதிதாகவே இருக்கிறது. அருவருப்பை வெல்லப் பெருந்தவம் வேண்டுவதில்லை. பல இடங்களில் சற்று நேரம் இருந்தாலே போதும்.

பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துக் கற்கிறார்கள் என்பதையும் மறவாதிருப்போம். படுக்கையை மாற்றும்போது பேரனையும் உடன் அழைத்து ஒரு துணியைப் பிடிக்கச் சொல்லலாம். துப்புரவு செய்ய வந்தவர்க்கு நாம் குடிக்கும் குவளையிலேயே நீர் கொடுக்கலாம்; அவர் பெயரைக் கேட்டு அழைக்கலாம். மாலைச் சாமாயிகத்தில் அன்றைய குற்றங்களை எண்ணும்போது, யாரைக் கண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டோம் என்பதையும் சேர்த்து எண்ணலாம்.

அருவருப்பு அறமாகாது. அது உடலின் ஓர் அறிவிப்பு, பற்றிக்கொண்டால் வினை, கடந்து அருகே சென்றால் அங்கே நற்காட்சியின் மூன்றாம் உறுப்பு வளர்கிறது. வாடை புத்கலத்தைச் சேர்ந்தது. கட்டிலில் கிடந்து நம் காலடி ஓசைக்காகக் காத்திருப்பதோ உயிர்.

அருகன் அறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!